தில்லைக் கூத்தும் போடிச் சுவரும்

மதுரைக்கு மேற்றிசையில், மலைத்தொடரின் அடிவாரத்தே, கொட்டக்குடியாறு பாயும் இடத்தில் அமைந்தது போடிநாயக்கனூர். ஊரின் பின்னே ஏலமலைச் சாரல் படிப்படியாக உயர்ந்து முகிலில் மறைகின்றது. மதுரை நாயக்கர் ஆட்சியில் வகுக்கப்பெற்ற 72 பாளையங்களுள் இதுவும் ஒன்று. இவ்வூர் அரண்மனையில் இலட்சுமி விலாசம் எனப் பெயரிய கூடம் ஒன்று உளது. அதன் சுவர்களில் இராமகாதை ஓவியமாகத் தீட்டப்பெற்றுள்ளது. நாயக்கர் கால ஓவிய மரபின் பிற்காலக் கிளையொன்று அச்சுவரில் நின்று பேசுகின்றது.

ஏலக்காயால் இவ்வூரை அறிந்தார் பலர். இச்சுவரால் அறிந்தார் சிலர். தில்லைக் கூத்தப்பெருமான் திருவுருவமோ இன்று மேனாட்டுப் பெருநகரங்களிலும் கலையறிஞரால் போற்றப்படுகின்றது. தமிழகத்துக் கைகளிற் பிறந்த இவ்விரண்டனுள் ஒன்று உலகப்புகழ் எய்தவும், மற்றொன்று ஒதுங்கிக் கிடக்கவும் காரணம் யாது? தரவேறுபாடே காரணமென்று கூறி அமைதல் எளிது. அயலாட்சியின்கீழ் ஒரு நாட்டார் தம் கலையைத் தாமே காணும் கண்ணை எவ்வாறு இழந்தனர், எவ்வாறு மீட்டனர், அம்மீட்பு எத்துணை நிறைவுற்றது என்பவற்றை ஆராய்ந்தாலன்றி விடை முற்றுப்பெறாது.

மலையை அளந்த கண்

1877 ஆம் ஆண்டு ஜான் டேனியல் மன்றோ என்னும் ஆங்கிலேயர், ஏலமலைக்கு அணித்தாகிய கண்ணன் தேவன் மலைப்பகுதியைப் பூஞ்ஞாற்றுத் தலைவரிடமிருந்து குத்தகையாகப் பெற்றார். காலப்போக்கில் அம்மலைகள் தேயிலைத் தோட்டங்களாயின. 1902 ஆம் ஆண்டு குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாளப் பாதை அமைந்தது. 1908 இல் அது சிறிய இருப்புப்பாதையாக மாற்றப்பட்டது. மூணாற்றிலிருந்து டாப் ஸ்டேஷன் என்னும் மலைமுகடு வரை வந்த தேயிலைப் பெட்டிகள், அங்கிருந்து கம்பிவடத்தின் வழியே கொட்டக்குடிப் பக்கம் இறங்கிப் போடியை அடைந்து, வெளியூர்களுக்குச் சென்றன. 1924 ஆம் ஆண்டின் பெருவெள்ளம் மலைமேல் இருந்த இருப்புப்பாதையை அழித்தது. 1928 ஆம் ஆண்டில் மதுரையிலிருந்து போடி வரை புகைவண்டி ஓடலாயிற்று.

மலையுச்சிக்கும் கடற்றுறைக்கும் வழிகண்ட அவ்வாட்சியின் திறமை சிறியதன்று. எனினும் அது கண்டது எடையும் விலையும் உடைய பொருளையே. பெட்டியின் எடை எழுதப்பட்டது. பெட்டி கடந்துசென்ற ஊரின் சுவரிலே ஒரு பெருங்காப்பியம் வண்ணத்தில் நிற்பது அக்கணக்கில் அடங்கும் பொருளன்று.

இதுகொண்டு ஆங்கில ஆட்சி கலையை நோக்கவேயில்லை எனல் பொருந்தாது. 1850 இல் அலெக்சாந்தர் ஹண்டர் என்னும் மருத்துவர் சென்னையிற் கலைப்பள்ளி ஒன்று தொடங்கினார். 1851 இல் சென்னை அருங்காட்சியகம் தோன்றிற்று. 1878 இல் புதையற் சட்டம் இயற்றப்பட்டது. மண்ணிற் புதைந்துகிடந்த செப்புத் திருமேனிகள் பல அச்சட்டத்தின் வழியாகக் காட்சிச்சாலை புகுந்து, உருக்கப்படாமலும் விற்கப்படாமலும் எஞ்சின. அந்நன்றி மறத்தற்குரியதன்று. குறை, நோக்காமையில் அன்று. நோக்கிய முறையில் உளது.

கை உண்டு, கருத்து இல்லை

அம்முறை யாதெனின், இந்நாட்டார்க்குக் கைத்திறம் உண்டு, கருத்துத்திறம் இல்லை என்பது. 1857 ஆம் ஆண்டின் கிளர்ச்சிக்குப் பின்னர், 1858 இல் இலண்டனிற் சொற்பொழிவாற்றிய ரஸ்கின் என்னும் கலையாராய்ச்சியாளர், இந்தியரின் நுண்ணிய அணிவேலையை ஒப்புக்கொண்டு, அக்கலை இயற்கையுண்மையை விலக்கிய கலையென்று பழித்தார். பெல்காமிற் பிறந்து, இந்தியக் கைத்தொழில்களை உண்மையன்போடு ஆராய்ந்து 1880 இல் பெருநூல் இயற்றிய சர் ஜார்ஜ் பேர்ட்வுட்டும், சிற்பமும் ஓவியமும் உயர்கலையாக இங்கு இல்லையென்றே முடிவு செய்தார். 1910 ஆம் ஆண்டு சனவரி 13 ஆம் நாள் இலண்டனிற் கூடிய கலைக்கழகக் கூட்டமொன்றில், ஜாவாத் தீவின் புத்தர் திருவுருவம் ஒன்றன் படத்தை நோக்கி, கொழுப்பிட்டு அவித்த மாவுப் பண்டமும் இதனையொப்பவே மனவமைதியைக் காட்டும் என்று அவர் எள்ளினார். அன்று சொற்பொழிவாற்றியவர் சென்னைக் கலைப்பள்ளியிலும் பின்னர்க் கல்கத்தாக் கலைப்பள்ளியிலும் தலைமை வகித்த ஹாவெல் ஆவர். அவ்வெள்ளலை மறுத்து ஆங்கிலக் கலைஞரும் ஆராய்ச்சியாளரும் 13 பேர் கையொப்பமிட்ட கடிதம் அடுத்த திங்களில் டைம்ஸ் இதழில் வெளிவந்தது. அவ்வாண்டிலேயே இலண்டனில் இந்தியக் கழகம் தோன்றிற்று.

கை உண்டு, கருத்து இல்லை என்னும் கூற்று கலையளவில் நில்லாது. கருத்தில்லாத கைக்குக் கருத்துடைய தலை ஒன்று வேண்டும். ஆகலின் ஆளப்படுதலே இவர்க்கு நன்மை என்னும் முடிவு அதனுள்ளே அடங்கிக் கிடக்கின்றது. கலைபற்றிய தீர்ப்பு ஆட்சிபற்றிய தீர்ப்பாக மாறுமிடம் இதுவே.

படிகத்தின் இயல்பு

அயலார் இகழ்ந்தமை பெருங்கேடன்று. இந்நாட்டுக் கற்றோர் அவ்விகழ்ச்சியைத் தம் கண்ணாக ஏற்றமையே பெருங்கேடு. இதனைச் சைவ சித்தாந்தம் காட்டும் உவமையொன்றால் தெளியலாம். படிகம் தன்னை அடுத்த பொருளின் நிறத்தையே தன் நிறமாகக் காட்டும். உயிரும் அத்தகையது. மலத்தைச் சாரின் மலமேயாய், சிவத்தைச் சாரின் சிவமேயாய் நிற்கும். சார்ந்ததன் வண்ணமாதல் என்று இவ்வியல்பினைச் சான்றோர் கூறுவர். ஆட்சியைச் சார்ந்து கல்வி பெற்ற உள்ளமும் ஆட்சியின் நிறத்தைக் காட்டியது. கோயிற்றூண்களைக் கடந்து கல்லூரிக்குச் சென்ற மாணாக்கன், அத்தூணிலுள்ள உருவம் கிரேக்கச் சிலையை ஒவ்வாமையால் அழகற்றதென்று எண்ணப் பழகினான். நான்கு கைகளைக் கண்டவுடன் உடலமைப்பு நூலை நினைத்தானேயன்றித் தன் வீட்டில் ஓதப்பெற்ற சாத்திரத்தை நினைந்திலன்.

அக்காலத்துத் திறமை வாய்ந்த ஓவியர் இரவி வர்மா (1848-1906). 1894 இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, தெய்வப் படங்களை எளியோர் இல்லத்திலும் புகச் செய்தார். அவர்தம் உழைப்பும் நோக்கமும் குறைகூறற்குரியன அல்ல. ஆயினும் அப்படங்களில் தெய்வத்தின் மேனியை அளந்த கோல் மேனாட்டு எண்ணெய் வண்ண முறையே. திருமகளும் கலைமகளும் ஒளியும் நிழலும் படிந்த மானிட மகளிராகத் தோன்றினர். விருப்பத்தோடு செய்த தொண்டிலும் அடுத்த நிறம் படியும் என்பதற்கு இது சான்று.

கனிமம் தேடியவர் கண்டது

மன்றோ மலைக்குத்தகை பெற்ற அதே 1877 ஆம் ஆண்டில், ஆகஸ்டுத் திங்கள் 22 ஆம் நாள், கொழும்பில் ஆனந்த குமாரசுவாமி பிறந்தார். தந்தையார் ஈழத்துத் தமிழ்ச் சைவராகிய சர் முத்துக்குமாரசுவாமி. தாயார் ஆங்கில மாது. தந்தையார் 1879 இல் மறைந்தமையின், பிள்ளை இங்கிலாந்தில் வளர்ந்து இலண்டனில் நிலநூல் பயின்றது. 1903 முதல் 1906 வரை இலங்கை அரசாங்கக் கனிமவளத் துறைக்கு இயக்குநராக இருந்தார். 1904 இல் தோரியனைட்டு என்னும் கனிமத்தைக் கண்டறிந்தார். மலையை அளந்து பொருள் காணும் கண்ணோடு அனுப்பப்பட்டவர் அவர். கண்டி நாட்டுச் சிற்றூர்களில் கனிமம் தேடி நடந்தபோது, அவர் கண்டவை இடியுங் கோயில்களும் ஆதரவிழந்த கைவினைஞர் குடிகளும் ஆம். 1815 இல் கண்டியரசு வீழ்ந்தபின், அக்குடிகளைப் புரந்த அரசும் மானியமும் ஒழிந்தன. அதனைக் கண்ட கண் பின்னர்க் கனிமத்தின்பாற் திரும்பவில்லை. 1908 இல் இடைக்காலச் சிங்களக் கலை பற்றிய பெருநூலையும், 1909 இல் தேசியக் குறிக்கோள் பற்றிய கட்டுரைத் தொகுதியையும் வெளியிட்டார்.

சுதேசிக் கிளர்ச்சி பரவிய அந்நாளில் அவர் கூறியது பலர்க்கு உவப்பாக இருந்திராது. மேனாட்டு ஆலை நெய்த மட்டமான துணியை விலக்கி, அதனைப் போன்ற மட்டமான துணியை உள்நாட்டு ஆலையில் நெய்து உடுத்தல் சுதேசியாகாது; காசு தங்குமிடம் மாறியதேயன்றி உள்ளம் மாறவில்லை என்பது அவர் கருத்து. ஒரு நாட்டார் தாம் எதனை அழகென்று கொள்வது என்பதைத் தாமே அறியாராயின், அரசுரிமை கைவந்தபோதும் அவர் அயலாட்சியினின்று நீங்கியவரல்லர் என்க.

திருக்கூத்தைக் கற்ற முறை

அவருடைய கட்டுரைகளுள் உலகறிந்தது சிவபெருமான் திருநடனம் பற்றியது. அது முதலில் வெளிவந்தது இலண்டனிலுமன்று, பாரிசிலுமன்று. சென்னையில் வெளிவந்த சித்தாந்த தீபிகை என்னும் சைவத் திங்களிதழில், 1912 ஆம் ஆண்டில். அவ்விதழ் 1897 ஆம் ஆண்டு ஜூன் திங்களில், விக்டோரியா அரசியாரின் ஆட்சி 60 ஆண்டு நிறைந்த பெருவிழா நிகழ்ந்த அதே திங்களில், ஜே. எம். நல்லசாமிப் பிள்ளையவர்களால் தொடங்கப்பட்டது. பேரரசு தன் புகழை முரசறைந்த நாளிலே, முரசின்றி ஓர் இதழ் மெய்கண்ட நூல்களை ஆங்கிலத்திற் பெயர்த்து வெளியிடத் தொடங்கியது. நல்லசாமிப் பிள்ளையவர்கள் நீதித்துறையிற் பணியாற்றிக்கொண்டே சிவஞானபோதம், சிவஞானசித்தியார், திருவருட்பயன், உண்மை விளக்கம் முதலியவற்றை மொழிபெயர்த்தார். குமாரசுவாமியார் ஏறிநின்ற படி இவ்வுழைப்பே.

அக்கட்டுரை செய்ததன் சிறப்பு யாது? கூத்தப்பெருமான் உருவம் கிரேக்கச் சிலையினும் அழகிதென்று வழக்காடுதல் அதன் நெறியன்று. உருவத்தைச் சாத்திரத்தோடு வைத்துப் படித்துக் காட்டிற்று. மெய்கண்டாரின் மாணாக்கராகிய மனவாசகங் கடந்தார் இயற்றிய உண்மை விளக்கம், துடியிற் படைப்பும், அமைந்த கையிற் காப்பும், அனலில் அழிப்பும், ஊன்றிய திருவடியில் மறைப்பும், தூக்கிய திருவடியில் அருளும் நிகழ்வதாகக் கூறும். துடியேந்திய கை சிகரம், வீசிய கை வகரம், அமைந்த கை யகரம், அனலேந்திய கை நகரம், அடிக்கீழ்க் கிடக்கும் முயலகன் மகரம் என ஐந்தெழுத்தே உருவமாக நிற்கும் முறையையும் அந்நூல் விளக்கும். திருமூலர் ஒன்பதாம் தந்திரத்திற் கூத்தின் வகைகளை விரிப்பர். இவற்றை அறிந்தார்க்கு நான்கு கைகள் உடலமைப்பின் பிழையாகா. ஐந்தொழிலைச் சொல்லும் வாக்கியத்தின் உறுப்புக்களாம். ஒரு கையைக் குறைப்பின் வாக்கியம் முடியாது.

கை உண்டு, கருத்து இல்லை என்ற தீர்ப்பு இவ்விடத்தே வேரோடு வீழ்கின்றது. தபதி மெழுகில் உருவம் அமைக்கத் தொடங்குமுன் தியானத்தில் உருவம் அமைகின்றது. பின்னரே தேன்மெழுகும் குங்கிலியமும் கலந்து, தாள அளவின்படி உருவாக்கி, மண்பூசி, சூட்டில் மெழுகை வடித்து, அது நின்ற வெற்றிடத்தில் உலோகத்தை வார்ப்பர். ஒரு வார்ப்புக்கு ஒரு திருமேனியே. அச்சை உடைத்தே அதனை வெளியே எடுக்க வேண்டும். கருத்து முன்னும் கை பின்னுமாக நிகழும் தொழிலைக் கைத்தொழில் மட்டுமேயென்றது, பார்த்தோர் உலோகத்தை மட்டும் பார்த்தமையால் வந்த பிழை.

1913 இல் பிரெஞ்சு நாட்டுச் சிற்பப் பேராசானாகிய ரொதேன், சென்னை அருங்காட்சியகத் திருமேனியின் படங்களைக் கண்டு வியந்தெழுதிய குறிப்புக்கள், அவர் மறைவிற்குப்பின் 1921 இல் வெளிவந்தன. குமாரசுவாமியார் கட்டுரை 1918 இல் நியூயார்க்கில் நூலாயிற்று. அதன்பின் கூத்தப்பெருமான் திருவுருவம் இந்தியக் கலைக்கே அடையாளமாகக் கொள்ளப்பட்டது.

தடையும் விடையும்

ஈண்டுத் தடையொன்று எழும். ஐந்தொழில் எல்லா உயிர்க்கும் பொது. அவ்வாறாயின் அதனைக் காட்டும் உருவத்தை ஒரு நாட்டின் அடையாளம் என்றல் முரணன்றோ எனின், அன்று. சிவஞானபோதம் பொதுவியல்பும் உண்மையியல்புமாகப் பொருளை வகுத்துணர்த்தும். கலைப்பொருட்கும் இரண்டியல்பு கொள்ளலாம். அது உணர்த்தும் மெய்ம்மை எல்லார்க்கும் பொது; அதனை உணர்த்த வந்த மொழி, மண், கை, ஆகமம் ஆகியவை அதற்கே சிறப்பு. காவிரிக்கரைத் தபதியின் வழியே அம்மெய்ம்மை ஒருவகையாக வெளிப்பட்டது. சிறப்பை அழித்துப் பொதுவைக் காண்டல் கூடாது. பொதுவை மறந்து சிறப்பையே பற்றி இறுமாத்தலும் கூடாது. முன்னது பேரரசின் பிழை; பின்னது தேசியத்தில் நேரக்கூடிய பிழை.

மற்றொரு தடை: குமாரசுவாமியாரும் ஆங்கிலத்தில் எழுதி, 1917 இல் தாம் தொகுத்த ஓவியச் செல்வத்தோடு பாஸ்டன் அருங்காட்சியகம் புகுந்து, 1947 செப்டம்பர் 9 ஆம் நாள் அந்நாட்டிலேயே மறைந்தாரன்றோ? சுதேசியம் உரைத்தவர் சுதேசத்தை விட்டது எவ்வாறு அமையும்? இக்குறை முழுதும் மறுத்தற்குரியதன்று. எனினும் அவர் தம் தொகுதியை முதலில் இந்நாட்டிற்கே அளிக்க முன்வந்தார் என்பதும், ஏற்று இடமளிப்பார் இலராயினர் என்பதும் நினைத்தற்குரியன. கொடுக்க வந்த கை ஒன்றும், நீளாத கைகள் பலவுமாக இருந்தமைக்கு அவரொருவரையே குறைகூறல் நடுநிலையாகாது.

மூன்றாந் தடையே வலியது. ரொதேன் வியந்தபின், பாஸ்டன் போற்றியபின், இந்நாட்டுக் கற்றோர் பலர் கூத்தப்பெருமானை மேசைமேல் வைத்தனர். இகழ்ந்தபோது இகழ்ந்த உள்ளமே புகழ்ந்தபோது புகழ்ந்தது. படிகத்தை அடுத்த நிறம் மாறிற்று. அடுத்த நிறத்தைக் காட்டும் இயல்பு மாறவில்லை. அயலார் புகழ்ச்சியால் எய்தும் தன்மதிப்பு அயலார் இகழ்ச்சியால் நீங்கும். ஆகலின் கண் மீண்டதா என்பதைப் புகழ்பெற்ற கூத்தப்பெருமான் திருமேனியைக் கொண்டு சோதித்தல் இயலாது. அயலார் எவரும் புகழாத பொருளைக் கொண்டே சோதித்தல் வேண்டும்.

போடிச் சுவர் வினவுவது

அத்தகைய உரைகல் போடி அரண்மனைச் சுவர். 19 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் தென்பாண்டிப் பாளையங்கள் படையும் கோட்டையும் இழந்து ஜமீன்களாயின. வாளெடுத்தல் விலக்குண்ட குடிகளுக்கு எஞ்சிய அரசியற் பெருமை கோயிற் சிறப்பும், திருவிழாவும், புலவரைப் புரத்தலும், அரண்மனைச் சுவருமே. அரசன் எவ்வாறு இருத்தல் வேண்டும் என்பதை இராமகாதையினும் தெளிவாக உரைக்கும் கதை வேறில்லை. நாட்டை இழந்தும் அறத்தை இழவாதவன் கதை, ஆட்சி சுருங்கிய பாளையத்தார் மரபில் வந்தோர் நாளும் நிமிர்ந்து நோக்கும் சுவரில் நிற்பது பொருளற்றதன்று.

இராமகாதை ஓவியத்திற் சைவர்க்கு என்ன உரிமை எனச் சிலர் வினவலாம். எத்தெய்வத்தை வழிபடினும் அத்தெய்வமாய் நின்று அருள்பவன் சிவபெருமானே என்பது சிவஞானசித்தியாரின் துணிபு. இராமன் சிவலிங்கம் வைத்து வழிபட்ட தலம் இராமேச்சுரம். ஆகலின் இச்சுவர் சைவர்க்கு அயலன்று.

அயலாட்சி 1947 இல் நீங்கிற்று. எனினும் தமிழகத்துச் சுவரோவியங்கள் பலவற்றிற்குப் பெருங்கேடு பின்னரே நேர்ந்தது. திருப்பணி என்னும் நல்ல பெயரால் சுண்ணாம்பு பூசப்பட்டு மறைந்தவை பல. மணல்வீச்சினால் கல்லின் தோல் உரிந்து அழிந்தவையும் பல. அக்கை அயலார் கையன்று. திருநீறு அணிந்த கையும் அதனுள் உண்டு. சுவரிலுள்ளதைப் படிக்கத் தெரியாமையே அக்கையை ஏவிற்று. மாறாக, 1931 இல் அண்ணாமலைப் பல்கலைக்கழக ஆசிரியராகிய எஸ். கே. கோவிந்தசாமி, தஞ்சைப் பெருங்கோயிலின் இருண்ட உட்சுற்றில் விளக்கோடு நுழைந்து, நாயக்கர் கால ஓவியத்தின் அடியிற் சோழர் கால ஓவியம் இருத்தலைக் கண்டறிந்தார். பலரும் போந்த கோயிலே அது. காணும் கண்ணோடு சென்றார்க்கே சுவர் தன்னைத் திறந்தது.

போடிச் சுவருக்கு வேண்டுவது வெறும் புகழுரையன்று. திருக்கூத்துக்குக் கிடைத்த அத்தகைய படிப்பு. எக்காட்சி எக்காட்சியை அடுத்து நிற்கின்றது, ஓவியர் வான்மீகத்தைப் பின்பற்றினரா, கம்பர் காட்டும் வழியைப் பின்பற்றினரா, அன்றி ஊர்க்கூத்திற் கேட்ட கதையைப் பின்பற்றினரா, உடையும் அணியும் படைக்கலமும் எக்காலத்தை உணர்த்துகின்றன, சாந்தும் வண்ணமும் எவ்வாறு கூட்டப்பட்டன என்பன தமிழறிந்தார் சுவரின் முன் நின்று விடைகாண வேண்டிய வினாக்கள். மழைநீர்க் கசிவும், புகையும், அறியாதார் பூசும் சுண்ணாம்பும் அவ்விடைக்காகக் காத்திரா.

ஏலமலையினின்று இறங்கும் காய் போடியில் தரம்பிரிக்கப்படுகின்றது. அதன் தரத்தை அறிய அவ்வூரார் எவர் கண்ணையும் கடன் வாங்குவதில்லை. பருமனும் நிறமும் மணமும் கொண்டு தாமே அறிவர். ஒரு நாட்டார் தம் கலையின் தரத்தையும் அவ்வாறு தாமே அறிந்து சொல்லும் நாளே, அவர்தம் கண் மீண்ட நாளாகும்.